நீ சொன்னா கணக்கில்லைம்மா

என் மகனும் என்னைப் போலவே ஓவியத் தொழிலுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "ரத்தத்திலேயே இருக்கு!" பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. அவனுடைய உள்ளங்கையில் உளியின் பிடி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம் ஒன்று இருக்கிறது. அது எந்த ரத்தத்திலும் வராது.

ரத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் புரூகல் குடும்பத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஃப்ளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் 1569-ல் இறந்தபோது மூத்த மகனுக்கு நாலைந்து வயது, இளையவன் யானுக்கு ஒரு வயதுதான் இருக்கும். அப்பா கையைப் பிடித்து ஒரு கோடு போடக் கற்றிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஓவியர்கள் ஆனார்கள். அம்மா வழிப் பாட்டி மைக்கன் வெர்ஹுல்ஸ்ட் நுண்ணோவியங்கள் வரைந்தவர், யானுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்று அந்தக் காலத்து ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிவைத்த காரெல் வான் மாண்டர் சொல்கிறார். மூத்தவர் அப்பாவின் படங்களைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தே பெரும்பகுதி பிழைத்தார், இளையவர் பூக்கள் பக்கம் போய்த் தனிப் பெயர் வாங்கினார். ரத்தம் ரத்தம் என்றால் நடுவில் உட்கார்ந்து பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அந்தக் கிழவியை எந்தக் கணக்கில் எழுதுவது?

எங்கள் வீட்டில் அவனுக்குக் கிடைத்தது என்னவென்று யோசித்தால், டர்பென்டைன் வாசனை, எவ்வளவு எடுத்தாலும் யாரும் திட்டாத காகிதக் கட்டு, அப்புறம் "இப்ப வேலையா இருக்கேன், அப்புறம் வா" என்று சொல்லிவிட்டுப் படம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா. இந்த மூன்றாவதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். நிறைய வீடுகளில் படம் போடுவது வேலையெல்லாம் முடிந்தபிறகு செய்வது. இவன் பார்த்தது அதுவே வேலையாக இருந்த வீடு. அதற்குள் இருக்கும் மோசமான நாட்களையும் சேர்த்துத்தான் பார்த்தான், மாதக்கணக்கில் போட்ட படத்தைக் கத்தியால் சுரண்டிப் போட்டதை, வரவேண்டிய செக்குக்காக நான் போனில் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசியதை. இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு பிள்ளை இதையே தேர்ந்தெடுக்கிறான் என்றால் அவனைத் தடுக்க ஆள் கிடையாது.

நான் அவனுக்குப் பெரிதாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்லூரியில் ஒரு ஆசிரியர் மூலம் பதிப்போவியத்துக்கு, அதாவது பிரின்ட்மேக்கிங்குக்குப் போனான், பிரஷ்ஷைக் கீழே வைத்தான், இன்னும் எடுக்கவில்லை. லினோகட்தான் அவனுடைய கை, அதாவது லினோலியம் பலகையைச் செதுக்கி, செதுக்காமல் விட்ட மேட்டில் மை தடவித் தாளில் அச்சிடுவது. அதிலும் ஒரே பலகையிலிருந்து எல்லா வண்ணங்களையும் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதில் போய் விழுந்தான்.

அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் நான் சொல்லவருவது புரியும். முதலில் தாளின் வெள்ளையாகவே நிற்கவேண்டிய இடங்களை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, மிக இளம் வண்ணத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிடவேண்டும். பிறகு அந்த இளம் வண்ணமாகவே தங்கவேண்டிய இடங்களைச் செதுக்கிவிட்டு, அதே பலகையை அதே தாள்கள் மேல் இன்னும் அடர்த்தியான வண்ணத்தில் அழுத்தவேண்டும். இப்படி இருட்டை நோக்கிப் போகப் போகப் பலகை கரைந்துகொண்டே வரும், கடைசி வண்ணத்துக்கு மிஞ்சுவது சில கோடுகளும் திட்டுகளும்தான். எத்தனை பிரதி வேண்டும் என்பதை முதல் வண்ணம் போடும்போதே முடிவு செய்துவிடவேண்டும். படம் நன்றாகப் போகிறது, இன்னும் பத்துப் போடுவோம் என்றால் கடவுளே வந்தாலும் முடியாது, ஏனென்றால் முந்தைய கட்டத்துப் பலகை உலகத்தில் எங்குமே இல்லை. நடுவில் சில தாள்கள் கெட்டுப்போகும் என்று தெரிந்தே கூடுதலாகப் போட்டு ஆரம்பிக்கவேண்டும். படம் முழுக்க இடவலம் மாறி இருக்கும் என்பது தனித் தலைவலி. எண்பதை நெருங்கும் வயதில் பிக்காசோ இந்த முறையை எடுத்து விளையாடியிருக்கிறார். பிரின்ட் போடுகிறவர்கள் வட்டாரத்தில் இதற்குத் 'தற்கொலை பிரின்ட்' என்றே ஒரு பெயர் உண்டு, கேட்டதும் எனக்குப் பகீரென்றது, அப்புறம் அவன் வேலை செய்வதைப் பார்த்தபோது பெயர் சரிதான் என்று தோன்றியது.

நான் ஆயில் ஓவியர். என் பொருள் மன்னிக்கத் தெரிந்த பொருள். பிடிக்கவில்லையா, சுரண்டு. இன்னும் பிடிக்கவில்லையா, காயவிட்டு மேலே போடு. ஒரு முகத்துக்கு அடியில் இரண்டு பழைய முகங்கள் இருக்கும், பார்க்கிறவருக்குத் தெரியாது. இவனுக்கு அந்த வசதி கிடையாது. உளி ஒருமுறை இறங்கினால் இறங்கியதுதான். இப்படி ஒரு பிடிவாதமான வேலையை என் வயிற்றில் பிறந்தவன் எங்கே கற்றான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் பங்காளிகள். லினோலியம் செய்வது ஆளிவிதை எண்ணெயிலிருந்து, கெட்டிப்படுத்திய எண்ணெயோடு தக்கைத் தூளைக் கலந்து சணல் துணி மேல் பரப்பி. 1860களில் தரை விரிப்பாகத்தான் கண்டுபிடித்தார்கள், பின்னால்தான் ஓவியர்கள் அதில் கைவைத்தார்கள். என் வண்ணங்களைப் பிடித்து வைத்திருப்பதும் அதே ஆளிவிதை எண்ணெய்தான். குளிரில் பலகை இறுகிப்போனால் லேசாகச் சூடு காட்டி இளக்கிக்கொண்டு செதுக்குவான், அப்போது அறையில் வரும் வாசனை எனக்கு நன்றாகப் பழகிய வாசனை.

சரி, பெருமை விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய பிரின்ட் முதன்முதலாக ஒரு குரூப் ஷோவில் மாட்டியிருந்தார்கள். கொடியில் காயும் துணிகள், பின்னால் ஒரு சுவர், அவ்வளவுதான் படம். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நான் ஓரங்களைப் பார்த்தேன். தொழில் புத்தி, மாற்ற முடியாது. ஒரு வண்ணம் இன்னொன்றின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் இந்த வேலையில் முதல் பரீட்சை, ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். பார்த்தால் துணிகளின் நீலம் மட்டும் ஒரு நூலளவு விலகி நிற்கிறது. சுவர் அசையாமல் இருக்க, துணிகள் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. இது அவன் வேண்டுமென்றே செய்ததா, இல்லை தாள் நழுவிப்போய் அதிர்ஷ்டமாக அமைந்ததா? மேசையில் ஒரு ஃபோல்டரில் அதே எடிஷனின், அதாவது எண்ணிப் போட்ட அதே தொகுதியின், மற்ற பிரதிகள் இருந்தன, கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே நூலளவு, அதே பக்கம். தாள் நழுவியிருந்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இது யோசித்து, அளந்து, ஒரு முறைக்கு ஒரு முறை மாறாமல் விலக்கி வைத்தது.

அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. விற்றுவிட்டது என்று சட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியபோது கைகொடுத்தார்கள், அது சந்தோஷம்தான், ஆனால் அது வேறு. விற்காத நல்ல படங்களும் விற்ற சுமார் படங்களும் என் வீட்டிலேயே இருக்கின்றன, விற்பனையை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. ஃபோல்டரில் இருந்த அந்த நூலளவுதான் என்னைப் பிடித்தது. அதை யாரிடம் சொல்வது? ரெஜிஸ்ட்ரேஷன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், முடிப்பதற்குள் கேட்கிறவர் ஜூஸ் எடுக்கப் போயிருப்பார்.

அவனிடமே சொன்னேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, அந்த நீலத்தை நகர்த்தியது பெரிய வேலை என்று. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, "நீ சொன்னா கணக்கில்லைம்மா" என்றான். கோபமில்லை, கிண்டலும் இல்லை, ஒரு தகவல் மாதிரிச் சொன்னான். யோசித்துப் பார்த்தால் அவன் பக்கம்தான் நியாயம். அம்மா நல்லாயிருக்கு என்று சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? வெளியாள் ஒருவர் எதிரே நின்று இரண்டு நிமிடம் அதிகமாகப் பார்த்தாலே அதற்கு இருக்கும் எடை என் ஒரு மணி நேரப் பேச்சுக்குக் கிடையாது. ஆனால் குறை சொன்னால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடும். "இந்த மூலை கொஞ்சம் வெறுமையா இருக்கே" என்று போகிறபோக்கில் சொன்னால் போதும், அன்றைக்கு அந்தப் பலகை ஓரமாகப் போய்விடும். அம்மாவின் பாராட்டு செல்லாக்காசு, அம்மாவின் குறை மட்டும் தங்கக்காசு, இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. அவன் அப்பாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவருக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, "அழகா இருக்குடா" என்பார், இவன் முகம் மலர்ந்துவிடும். எனக்கு வயிறு எரியும்.

அதனால் நான் இப்போது கேள்வி மட்டும்தான் கேட்கிறேன். எந்த வண்ணத்தில் ஆரம்பித்தாய், இந்தத் தாளை ஏன் எடுத்தாய், ஈரம் காய எவ்வளவு விட்டாய். தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கும் கேள்விகள். இப்படிக் கேட்டால் பேசுகிறான், மணிக்கணக்கில் பேசுகிறான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறுதல் கமீல் பிசாரோ. இம்ப்ரெஷனிஸ்ட்கள் என்ற பிரெஞ்சு ஓவியர் குழுவில் மூத்தவர், பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் பென்சிலைக் கொடுத்து வளர்த்தவர். மூத்த மகன் லூசியன் 1863-ல் பிறந்தவர், பிற்காலத்தில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அப்பா 1903-ல் இறக்கும்வரை இருவருக்கும் நடுவில் கடிதம் போய்க்கொண்டே இருந்தது, அந்தக் கடிதங்கள் 1943-ல் புத்தகமாகவும் வந்தன. அதில் வரைவது பற்றி இருக்கும், வண்ணம் பற்றி இருக்கும், யார் யார் எங்கே காட்சிக்கு வைத்தார்கள் என்ற ஊர்வம்பு இருக்கும், அதைவிட அதிகமாகப் பணக்கஷ்டம் இருக்கும். தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு ஓவியர் தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார், பாசம் அதற்குள்ளேயே கலந்து வருகிறது. 1886-ல் நடந்த கடைசி இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் அப்பாவும் மகனும் சேர்ந்தே படம் வைத்தார்கள். ஆனால் லூசியனின் கை போனது மரத்தில் செதுக்கி அச்சிடுவதில். 1894-ல் எரனி பிரஸ் என்று சொந்த அச்சகம் தொடங்கி, மனைவி எஸ்தரோடு சேர்ந்து அழகான சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார். அச்சகத்துக்கு வைத்த பெயர் அப்பா குடியிருந்த கிராமத்தின் பெயர்.

அந்த வீட்டில் ஜூலி என்று ஒரு அம்மாவும் இருந்தார். நிறைய பிள்ளைகள், கையில் காசில்லை, புருஷன் படம் விற்கவில்லை. மூத்தவனாவது ஒரு சம்பளத்துக்குப் போகட்டும் என்று அவர் நச்சரித்தார், கமீல் கேட்கவில்லை. கலை வரலாற்றுப் புத்தகங்களில் ஜூலியைக் கொஞ்சம் புரிதல் இல்லாத மனுஷியாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படிப் படிக்க முடிவதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டவருக்குத்தான் அந்தப் படங்களின் உண்மையான விலை தெரியும். என் கஷ்டம் என்னவென்றால் நானே கமீல், நானே ஜூலி. காலையில் அவனுடைய பிரின்ட்டைப் பார்த்து மனது பொங்கும், ராத்திரி படுத்தால் இவன் அறுபது வயதில் என்ன செய்வான் என்று கணக்குப் போடும்.

அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் வீட்டிலும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. தாத்தா சிற்பி, அப்பா சிற்பி, அம்மா நானெட் ஓவியர். பையனுக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் தனிப் பட்டறை ஒதுக்கிக் கொடுத்தவர்கள், அவன் கலைஞனாகத்தான் ஆகவேண்டும் என்று தள்ளவில்லை, அந்த வாழ்க்கையின் நிச்சயமின்மை அவர்களுக்குத் தெரியும். பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து 1919-ல் பட்டம் வாங்கினார். கடைசியில் என்ன ஆனது? காற்றில் தானாக அசையும் மொபைல் சிற்பங்களைச் செய்தது அவர்தான். பிலடெல்பியாவில் நகர மண்டபத்தின் உச்சியில் தாத்தா செய்த சிலை நிற்கிறது, அங்கிருந்து போகும் அகலச் சாலையின் நடுவே அப்பாவின் நீரூற்று, சாலை முடிகிற மியூசியத்துக்குள் பேரனின் மொபைல் தொங்குகிறது. நான் இன்ஜினியரிங் எல்லாம் சொல்லவில்லை. பயத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

அதாவது அவனைக் கணக்குப் புத்தகம் வாங்கவைத்தேன். படம் போட ஆயிரம் பேர் சொல்லித்தருவார்கள், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பல கேலரிகள் விற்ற விலையில் பாதி வரைக்கும் கமிஷனாக எடுக்கும், ஃபிரேம் செலவு பெரும்பாலும் நம் தலையில், அதைக் கழித்தபிறகு மிஞ்சுவதுதான் வருமானம், அதை மனதில் வைத்து விலை போடு. எடுத்துக்கொண்டு போனால் என்னென்ன எடுத்தார்கள், எப்போது திருப்பித் தருவார்கள், விற்றால் எத்தனை நாளில் பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு தாளைக்கூட வெளியே விடாதே. படத்தை விற்றுவிட்டால் காப்பிரைட்டும் போய்விட்டது என்று வாங்குகிறவர் நினைப்பார், பெரும்பாலான நாடுகளில் எழுதிக் கொடுத்தாலொழிய அது உன்னிடம்தான் இருக்கும். எடிஷனில் எத்தனை, அதில் எது யாரிடம் போனது, எண்ணுக்கு வெளியே உனக்கென்று வைத்துக்கொண்ட ப்ரூஃப் எத்தனை, எல்லாம் எழுதிவை. அமிலமில்லாத தாளைத் தவிர வேறெதையும் தொடாதே. "பணம் இல்லை, ஆனா நல்ல பப்ளிசிட்டி கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு.

இதையெல்லாம் சொல்லும்போது அவன் கொட்டாவி விட்டான். ஆனால் பிறகு ஒரு கேலரி கையெழுத்துக் கேட்டபோது காகிதத்தை முழுக்கப் படித்து, ஒரு வரியை அடிக்கச் சொல்லி, மரியாதையாகவே சொல்லி, அடிக்கவும் வைத்தான். நேர்மையாகச் சொன்னால் அந்த நீலத்துக்கு அடுத்தபடி நான் பெருமைப்பட்டது இந்த அடித்த வரிக்குத்தான்.

இன்னொன்றையும் பேசிவிடவேண்டும். அம்மா பெயரால்தானே இவனுக்கு இடம் கிடைத்தது என்று பேச்சு வரும். அதில் ஒரு பாதி உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு க்யூரேட்டர் அவன் வேலையைப் பார்க்க வந்தது எனக்குத் தெரிந்தவர் என்பதால்தான். எந்தச் சொந்தமும் இல்லாத ஒரு பிள்ளைக்கு அந்தக் கதவைத் திறக்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும், என் கதையே அதுதான். ஆனால் இன்னொரு வகைப் பேச்சு இருக்கிறது, "அம்மாதான் போட்டுக் கொடுத்திருப்பாங்க" என்பது. அது மிகப் பழைய நோய். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யாவில் எலிசபெட்டா சிரானி என்று ஒரு பெண். அப்பா ஓவியர், அவர் பட்டறையில் கற்றவர். அப்பாவுக்குக் கைகால் மூட்டு நோய் வந்து முடங்கியபிறகு குடும்பமே இவர் பிரஷ்ஷில்தான் ஓடியது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு நன்றாக ஒரு பெண் போட முடியாது என்று சந்தேகம் வந்தபோது, வந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்து காட்டினார். போட்ட படங்களுக்கெல்லாம் தன் கையாலேயே பட்டியல் எழுதிவைத்தார். 27 வயதில் இறந்துபோனார். பட்டியல் எழுது என்று நான் என் மகனை நச்சரிப்பதற்கு இவரும் ஒரு காரணம்.

பொறாமை உண்டா என்று நெருங்கிய தோழி ஒருத்தி கேட்டாள். உண்டு. ஒரு திறப்பு விழாவில் ஒருவர் என்னைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லி, "அவரோட அம்மாதானே நீங்க?" என்றார். நான் போட்ட படங்கள் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "ஆமா" என்று சொன்ன வாய் முழுக்கச் சிரிப்பு, உள்ளே எங்கோ ஒரு முள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும், ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. அந்த முள்ளை அவன்மேல் வைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். நான் அதை எடுத்துக்கொண்டு போய் என் கேன்வாஸில் வைத்தேன். அதற்குப் பிறகு போட்ட படங்கள் கொஞ்சம் உஷ்ணமாகத்தான் இருக்கின்றன, மோசமில்லை.

பிக்காசோவின் அப்பா பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஓவிய ஆசிரியர், புறாக்கள் வரைவதில் பிரியம் உள்ளவர். மகன் சின்ன வயதில் வரைந்ததைப் பார்த்ததும் தன் பிரஷ்களை அவன் கையில் கொடுத்துவிட்டு இனி நான் வரைவதில்லை என்று சொல்லிவிட்டாராம். மகனே பின்னாளில் பரப்பிய கதை இது, ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை, அந்த அப்பா அதற்குப் பிறகும் வரைந்துகொண்டுதான் இருந்தார். எனக்கு இந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல் வரும். பிள்ளை எழுந்து நிற்க வேண்டும் என்றால் பெற்றவர் ஏன் படுத்துக்கொள்ளவேண்டும்? உண்மையில் அவர் செய்தது இதைவிட அழகானது. மகனுக்கென்று ஸ்டூடியோ வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார், 1897-ல் பதினைந்து வயதுப் பையன் ஒரு பெரிய படம் போட்டபோது நோயாளியின் நாடி பிடிக்கும் டாக்டராகத் தானே உட்கார்ந்து மாடல் கொடுத்தார். பிரஷ்ஷைத் தியாகம் செய்த அப்பாவைவிட, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து முதுகு வலித்த அப்பாவை எனக்குப் பிடிக்கும்.

சுசான் வாலடோனைப் பாருங்கள். ஓவியர்களுக்கு மாடலாக நின்றே பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்று ஓவியரானவர். மகன் மொரிஸ் உட்ரில்லோ குடியில் விழுந்தபோது அவனை மீட்கக் கையில் வண்ணத்தைக் கொடுத்தார். மகனின் தெருக்காட்சிகள் பெரிதாக விற்க ஆரம்பித்து, நெடுங்காலம் உலகத்துக்கு அவர் உட்ரில்லோவின் அம்மா. அவர் பாட்டுக்குத் தன் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார். இப்போது மியூசியங்கள் அவரைத் தனியாகத் தேடி எடுத்து மாட்டுகின்றன.

பெருமை கெட்டுப்போகும் இடமும் எனக்குத் தெரியும். பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோவின் மகள் மரியெத்தா அப்பாவின் பட்டறையில் வளர்ந்த ஓவியர். வெளிநாட்டு அரசவைகளிலிருந்து அழைப்பு வந்தபோது அப்பாவுக்குப் பிரிய மனமில்லை, அனுப்பவில்லை, பக்கத்திலேயே இருக்கும்படி உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார் என்று 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் வாழ்க்கையை எழுதிய ரிதோல்ஃபி சொல்கிறார். இன்றைக்கு மரியெத்தா போட்டது இதுதான் என்று தயங்காமல் காட்டக்கூடிய படங்கள் அபூர்வம், மிச்சமெல்லாம் அப்பாவின் கடலில் கரைந்துவிட்டன. இவ்வளவு பாசமான அப்பா. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே அவன் கையெழுத்தில் குடும்பப் பெயரைப் போடாமல் தன் பெயரை மட்டும் போட ஆரம்பித்தபோது எனக்கு முதலில் சுருக்கென்றாலும் ஒன்றும் சொல்லவில்லை. பிசாரோவின் பிள்ளைகளே அப்படித்தான் செய்தார்கள், ஒருவர் பாட்டியின் பெயரான மன்சானா என்று போட்டார், இன்னொருவர் லுடோவிக் ரோடோ என்று நிறுத்திக்கொண்டார். நம் பக்கத்திலேயே கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர், சொற்களும் குறியீடுகளுமாகக் கேன்வாஸை நிரப்பியவர். மகன் நந்தகோபால் கேன்வாஸோடு நின்றுவிடவில்லை, செம்பையும் பித்தளையையும் வெட்டி ஒட்டிச் சிற்பம் செய்தார். அப்பா கட்டிய அதே கிராமத்தில் இருந்துகொண்டே, அப்பாவோடு ஒப்பிட வழியில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டார். புத்திசாலித்தனம். என் மகன் லினோவை எடுத்ததும் அதற்காகத்தானா என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாத்துக்கும் உன்னையே காரணமா வச்சுக்காதேம்மா" என்றான்.

இப்போது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது வேறு விஷயத்துக்கு. கமீலும் லூசியனும் சேர்ந்து வயல்வேலைக் காட்சிகள் என்று ஒரு தொகுப்புப் போட்டார்கள், 1895-ல் வந்தது. அப்பா வரைய, மகன் மரத்தில் செதுக்கினார். இதை அவனிடம் சொன்னது நான்தான், வேறு எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னேன், நம்பினால் நம்புங்கள். நாமும் ஒன்று செய்யலாம் என்று அவன் பிடித்துக்கொண்டான். நான் வரைந்து கொடுத்தேன். என் கை ஆயில் கை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் நூறு சாயல் இருந்தால்தான் நிம்மதி. அவன் பலகைக்கு அது ஆகாது, ஒரு இடம் செதுக்கவேண்டும் அல்லது விடவேண்டும், நடுவில் எதுவும் கிடையாது. திருப்பி அனுப்பினான். குறைத்துக் கொடுத்தேன். மறுபடி திருப்பி அனுப்பினான், இந்தமுறை என் கோடுகளின் மேலேயே சிவப்புப் பென்சிலால் அடித்து, "இது எதுக்கு?" "இதுவும் எதுக்கு?" என்று ஓரத்தில் எழுதி. ஒரு மாணவிக்குக்கூட நான் இப்படிச் சிவப்பில் அடித்ததில்லை. இந்த நிழல் போனால் முகமே போய்விடும் என்று போனில் கத்தினேன். "போகாதும்மா, நீ கண்ணை நம்பலை, டோனை நம்புறே" என்றான். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் எடுத்து வைத்துப் பார்த்தால் அவன் அடித்ததில் பாதி சரி, மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கீழே யார் கையெழுத்துப் போடுவது, இரண்டு பேருமா என்று கேட்டதற்கு வந்த பதில்: "ரெண்டு பேரும்தான் போடணும். அதுக்கு முதல்ல அந்தக் காதுகிட்ட இருக்கிற கோட்டை எடு."